மகாராணியை அறுத்தது

என் அண்ணன் தன் வண்டிக்கு மகாராணி என்று பெயர் வைத்திருந்தான். கட்டிய மனைவியை ஒரு நாளாவது அவன் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஏழு பேர் உட்காரக்கூடிய உயரமான வெள்ளை எஸ்யூவி அது. காலையில் எழுந்ததும் பழைய டூத்பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவான். டயர் வரிகளில் மாட்டியிருக்கும் பொடிக்கல்லை ஒவ்வொன்றாக நோண்டி எடுப்பான். தன் பல்லை அவ்வளவு அக்கறையாகத் தேய்த்திருந்தால் பல் டாக்டரிடம் போகவே வேண்டியிருந்திருக்காது. யார் ஏறினாலும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கதவைச் சாத்தினால், தொட்டிலில் குழந்தை தூங்குகிற வீடு மாதிரி, "மெதுவா, மெதுவா" என்று பதறுவான். நான் ஏறுவதே அபூர்வம். ஏறினாலும் எனக்குக் கடைசி வரிசைதான், குடைக்கும் ஜாக்கிக்கும் நடுவில்.

ஒரே வீடுதான். மாடியில் அண்ணனும் அண்ணியும், கீழே நானும் அப்பாவும். முன் அறை என் பட்டறை. நான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவள். பழையதை வாங்கிச் சரிசெய்து விற்கவும் செய்வேன். சுவரோரமாக எப்போதும் நாலைந்து ஃப்ரிட்ஜுகள், கதவு தொங்கியபடியும் முதுகு திறந்தபடியும் நின்றுகொண்டிருக்கும். நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். படுக்கப்போட்டு ஏற்றிப்போனால் கம்ப்ரஸருக்குள் இருக்கிற எண்ணெய் குழாய்க்குள் இறங்கிவிடும், அப்புறம் குளிராது. வாடகை வண்டிக்காரர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

அப்பாவை நான் படுக்கப்போட்டுத்தான் ஏற்றிப்போனேன்.

அன்று காலை அவர் பின்பக்கக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அப்படியே சரிந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வாந்தி எடுத்தார், உடுத்தியிருந்த துணியும் நனைந்துவிட்டது. நான் போட்ட கூச்சலில் அண்ணன் மாடியிலிருந்து ஓடி வந்தான். சாவியோடுதான் வந்தான், அதை நான் மறைக்கவில்லை. நான் அப்பாவை அக்குளில் கைகொடுத்து வாசல்வரை இழுத்து வந்திருந்தேன். அண்ணன் மகாராணியின் பின்கதவைத் திறந்தான். முந்தின வாரம்தான் சீட்டுகளைப் புதிதாகத் தைத்துப் போட்டிருந்தான். பால் நிறத் தோல், ஓரமெல்லாம் சிவப்பு நூல். அவன் சீட்டைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். மறுபடியும் சீட்டைப் பார்த்தான்.

"ஒரு நிமிஷம் இரு. ஷீட் எடுத்துட்டு வந்துடறேன்."

"அண்ணா!"

"ஒரே நிமிஷம்டி. மாடியிலதான் இருக்கு. ஆம்புலன்ஸுக்கும் சொல்லியாச்சு."

கதவைச் சாத்தினான், மெதுவாக. படியேறப் போகும்போது திரும்பாமலே சாவியை அழுத்தினான். வண்டி பீப் என்றது. உள்ளே நாலு கதவின் பூட்டுக் குமிழ்களும் டக்கென்று இறங்கின. பழக்கதோஷம் என்று நினைத்துக்கொள்ள நானும் எவ்வளவோ முயன்று பார்த்திருக்கிறேன்.

மாடியில் அலமாரிகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. "அந்த நீல ஷீட் எங்க வச்சே?" என்று அவன் கேட்க, அண்ணி எங்கிருந்தோ ஏதோ சொன்னாள். மறுபடியும் அலமாரி. அப்பா என் மடியில் கிடந்து ஏதோ சொல்லப் பார்த்தார், எச்சில்தான் வந்தது. ஆம்புலன்ஸைக் காணோம். வந்தது, எனக்கு ஒரு ஃப்ரிட்ஜை இறக்க வேண்டிய லோடு வண்டி. அந்த டிரைவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஃப்ரிட்ஜைத் தெருவிலேயே இறக்கி நிறுத்தினார், அதைச் சுற்றியிருந்த அட்டையை உரித்து வண்டியில் விரித்தார். இரண்டு பேருமாக அப்பாவைத் தூக்கிப் படுக்கவைத்தோம். தெருமுனையில் திரும்பும்போது பார்த்தேன். அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தான், கக்கத்தில் நீல ஷீட்டோடு.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பேச்சும் கையும் தப்பிச்சிருக்கலாம்" என்றார் டாக்டர். எவ்வளவு முன்னாடி என்று கேட்டேன். அதெல்லாம் அளந்து சொல்ல முடியாது என்றார். என்னால் சொல்ல முடியும். ஒரு ஷீட் தேடுகிற நேரம்.

அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் ஒரே ஒரு சொல் மிச்சமிருந்தது: சரி. பசிக்கிறதா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டபோதும் "சரி!" என்றுதான் கத்தினார். அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். பஸ் நிறையக் கூட்டத்தை வாயாலேயே உள்ளே நகர்த்தியவர். கூட்டம் ஏறியதும் பஸ்ஸின் தகட்டில் உள்ளங்கையால் டப் டப் என்று இரண்டு தட்டுத் தட்டுவார், டிரைவர் எடுத்துவிடுவார். அப்படிப்பட்ட வாய்க்கு ஒரு சொல்தான் மிச்சம் என்பதை என்னால் தாங்கவே முடியவில்லை.

அண்ணன் தினமும் சாயங்காலம் கீழே வருவான். கட்டிலோரம் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்வான். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கதைதான்.

"ஆம்புலன்ஸ்காரன் லேட் பண்ணிட்டான். அவன் மட்டும் நேரத்துக்கு வந்திருந்தா அப்பா இந்நேரம் ஓடியாடிட்டு இருப்பாரு. இல்லப்பா?"

"சரி" என்பார் அப்பா. இடது கையால் அவன் தலையைத் தடவிக்கூடக் கொடுப்பார்.

நான் எழுந்து பட்டறைக்குப் போய்விடுவேன். அன்றைக்கு அப்பாவுக்கு எவ்வளவு நினைவு இருந்தது? அந்தப் பூட்டுகள் இறங்கிய சத்தம் அவர் காதில் விழுந்ததா? ஒருமுறை கேட்டே விட்டேன். சரி என்றார். மூத்த பிள்ளை மேல் அவருக்கு எப்போதுமே ஒரு கரிசனம் உண்டு, மன்னித்து மறந்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். ஆனால் நான் விடுவதாக இல்லை. ஷீட் தேடப் போனேன் என்று அவன் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும். அது நடக்காவிட்டால், அப்பா என் பக்கம்தான் என்றாவது எனக்குத் தெரிய வேண்டும். இரண்டும் இல்லாமல் அந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் மகாராணிக்கு வேளை வந்தது. சிக்னலில் நின்றுகொண்டிருந்தவளைப் பின்னால் வந்த லாரி ஒன்று முட்டித் தள்ளியது. அண்ணனுக்கு ஒரு கீறலும் இல்லை, வண்டியின் பின்பக்கம் மட்டும் மிதிபட்ட டப்பாவாகிவிட்டது. சரிசெய்யக் கட்டுப்படியாகாது என்று சொல்லி இன்சூரன்ஸ்காரர்கள் இழுத்துப் போனார்கள். அண்ணன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கொஞ்ச நாள் அலைந்தான். அப்பா விழுந்தபோதுகூட அவன் அப்படி அலையவில்லை. பிறகு சின்னதாக ஒரு கார் வாங்கிக்கொண்டான், டூத்பிரஷ்ஷுக்கு மறுபடியும் வேலை வந்தது.

சில மாதம் கழித்து, கம்ப்ரஸர் ஏதாவது கிடைக்குமா என்று பழைய இரும்புக் கடை ஒன்றுக்குப் போயிருந்தேன். அங்கே மூலையில் நின்றுகொண்டிருந்தாள் மகாராணி. பின்கதவு மடங்கிக் கிடந்தது, மற்றபடி முன்பாதி அப்படியே இருந்தது. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். பால் நிறச் சீட்டில் ஒரு கறை இல்லை. என் அப்பாவின் நாக்கைக் கொடுத்து வாங்கிய சுத்தம் அது.

பின்பக்கம் திறந்த ஒரு பிக்அப் வண்டி எனக்கு வேண்டும் என்பது உண்மைதான். ஃப்ரிட்ஜ் நின்றபடி வர வேண்டுமென்றால் தலைக்கு மேல் கூரை இருக்கக் கூடாது. கேட்டவர்களிடம் அதைத்தான் காரணமாகச் சொன்னேன். ஆனால் உண்மையான காரணம், அவளை அறுக்க வேண்டும் என்று எனக்குக் கை அரித்தது.

அவளை விலைக்கு வாங்கி வெல்டிங் பட்டறைக்கு இழுத்துப்போனேன். வெல்டரை எல்லோரும் கிளாம்பு என்றுதான் கூப்பிடுவோம். எதைத் தொட்டாலும் முதலில் கிளாம்பு போட்டு இறுக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். டீ கிளாஸைக்கூட மேஜையோடு இறுக்கிவிட்டுத்தான் குடிப்பான் என்று கிண்டல் செய்வோம். அவன் வண்டிக்கடியில் ஊர்ந்து போய்ப் பார்த்துவிட்டு முகமெல்லாம் மண்ணோடு வெளியே வந்தான்.

"தப்பிச்சீங்க அக்கா. இதுக்குத் தனியா சேஸி இருக்கு, அடியில இரும்புச் சட்டம். உடம்பு அது மேல சும்மா உக்காந்திருக்கு. சேஸி இல்லாத வண்டியா இருந்திருந்தா, கூரையை எடுத்ததும் ரெண்டா மடங்கிப் போயிருக்கும்."

"அறுக்கலாம்ல?"

"அறுக்கலாம். முன் சீட்டுக்குப் பின்னால ஒரு கோடு. அங்க கூரையை அறுத்து எடுக்கணும். பின்பக்கச் சைடு தகட்டை இடுப்பு உயரத்துக்கு இறக்கணும். பின் சீட்டெல்லாம் போயிடும். முன்னால உக்கார்றவங்க முதுகுக்கு ஒரு தகடு அடைச்சு, அதுல ஒரு கண்ணாடி வச்சிடலாம்." கையைத் துடைத்துக்கொண்டான். "ஆனா ஒண்ணு. அறுக்கறதுக்கு முன்னாடி கதவையெல்லாம் சாத்திட்டு, உள்ள குறுக்க பைப் வச்சு வெல்ட் பண்ணணும். கூரைதான் இந்த உடம்பை இழுத்துப் பிடிச்சிட்டிருக்கு. பைப் வைக்காம கை வச்சா உடம்பு தொங்கிடும். அப்புறம் கதவு கதவா இருக்காது."

"புரியுது."

"நான் போய் பைப் எடுத்துட்டு வரேன். அதுவரைக்கும் சீட்டை மட்டும் கழட்டுங்க. வேற எதையும் தொடாதீங்க."

இடது முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே ஏறினேன். பின்பக்கம் தாண்டி, நடுச் சீட்டின் போல்ட்டைத் தேடிக் குனிந்தபோது முன் சீட்டு முதுகில் இருந்த பையில் ஏதோ தட்டுப்பட்டது. உருவினேன். நீல ஷீட். மடிப்புக் கலையாமல், ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தான். அதாவது, அப்பா அப்படிக் கிடந்ததற்கு அப்புறம் அண்ணன் கற்றுக்கொண்ட பாடம் இதுதான். அடுத்த தடவை மாடிக்கு ஓட வேண்டாம் என்று ஷீட்டை வண்டியிலேயே தயாராக வைத்திருக்கிறான்.

அதற்கு மேல் எனக்குப் பைப்பும் தெரியவில்லை, கிளாம்பும் தெரியவில்லை. இரும்பு அறுக்கிற கிரைண்டரை எடுத்தேன். கூரையில் வைத்தேன். அது போட்ட அலறல் இருக்கிறதே, அவ்வளவு நாள் என் தொண்டைக்குள் கிடந்ததெல்லாம் வெளியே வந்த மாதிரி இருந்தது. பொறி மழையாகக் கொட்டியது. பால் நிறச் சீட்டில் விழுந்த இடமெல்லாம் கறுப்புப் புள்ளி. ஒரு புள்ளி விழும்போதெல்லாம் என் நெஞ்சு குளிர்ந்தது. கூரையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அறுத்தேன், அதைத் தாங்குகிற தூணில் இறங்கினேன். இரண்டாவது தூண் விட்டதும், கிழவன் நாற்காலியில் உட்காரும்போது முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வண்டி நடுவில் தொய்ந்தது.

கிளாம்பு பைப்பைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அக்கா! என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க!"

திறந்து வைத்த இடது கதவு சாத்த வரவில்லை. விரல் தடிமன் அளவுக்குக் கதவுச் சட்டம் குறுகியிருந்தது. கிளாம்பு என்னைத் திட்ட வாயெடுத்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜாக்கியை எடுக்கப் போனான். கீழே ஜாக்கி கொடுத்து, மேலே செயின் போட்டு இழுத்து, ஒரு வழியாகக் கதவை அடித்துச் சாத்தினோம். சாத்திய கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து உதைத்தாலும் திறக்கவில்லை.

"கையில கிரைண்டர் இருந்தா கோபத்தை வீட்ல வச்சிட்டு வரணும் அக்கா" என்றான். எனக்கு அது உறைக்கவில்லை. அறுபட்ட கூரை தரையில் கிடந்தது, நான் அதன் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன்.

மற்ற வேலையெல்லாம் முறைப்படி நடந்தது. பைப் வைத்து, முதுகுத் தகடு அடைத்து, கண்ணாடி பொருத்தி, பின்னால் விழுகிற மாதிரி ஒரு தகட்டுக் கதவும் போட்டான். பதிவு அலுவலகத்தில் காட்டி அனுமதி வாங்கினோம். நடுச் சீட்டை அவன் பட்டறை நாய்க்குக் கொடுத்தேன். பின்பக்கத்துக்குப் பெயின்ட் என்ன நிறம் என்று கேட்டான். ப்ரைமர் அடிப்பூச்சோடு விட்டுவிடு என்றேன். அழகு பார்க்கவா அறுத்தேன்?

ஓட்டிக்கொண்டு வந்து சரியாக அண்ணனின் ஜன்னலுக்குக் கீழே நிறுத்தி ஹாரன் அடித்தேன். அந்த ஹாரன் சத்தம் அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? படியில் தடதடவென்று இறங்கி வந்தான். வண்டியைச் சுற்றி வந்தான். பானெட்டைத் தொட்டான். அறுத்த இடத்துக்கு வந்ததும் கையை இழுத்துக்கொண்டான்.

"இது... நம்ம வண்டி மாதிரியே இருக்கு."

"மாதிரி எல்லாம் இல்ல. அதேதான்."

"உனக்கென்ன பைத்தியமாடி? எப்படி இருந்த வண்டி! இப்படிக் கொலை பண்ணி வச்சிருக்கே!" கண் கலங்கிவிட்டது அவனுக்கு. "அந்த சீட்டெல்லாம் என்ன பண்ணே?"

"வெல்டிங் பட்டறை நாய் படுத்துக்குது. தெரு நாய்தான், ஆனா ரொம்பச் சுத்தம். ஷீட்டெல்லாம் கேக்காது."

அவன் முகம் வெளுத்தது. ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். மாடிக்குப் போய்விட்டான். அன்று சாயங்காலம் வழக்கம்போல அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்து, "ஆம்புலன்ஸ்காரன் லேட் பண்ணிட்டான், இல்லப்பா?" என்றான். அப்பா சரி என்றார். வண்டியை அறுத்ததில் எனக்குக் கிடைத்த சந்தோஷமெல்லாம் அந்த ஒரு சொல்லில் வடிந்துபோனது.

நாள் ஓடியது. பிக்அப் நன்றாக உழைத்தது. ஃப்ரிட்ஜுகள் கயிறு கட்டி ராஜாக்களைப் போல நின்றுகொண்டு போயின. அப்பாவுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கிற மையத்துக்கும் அதில்தான் போவோம். அந்த இடது கதவுதான் திறக்காதே, டிரைவர் பக்கமாக ஏற்றி, கியருக்கு மேலே காலைத் தூக்கிப்போட்டு, இம்மி இம்மியாக நகர்த்தித்தான் அப்பாவை அந்தப் பக்கம் உட்காரவைப்பேன். அவர் உட்கார்ந்து முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் வியர்த்துக் கொட்டிவிடும். அண்ணன் மாடி ஜன்னலில் நின்று ஒவ்வொரு தடவையும் பார்ப்பான். இறங்கி வந்து ஒரு கை கொடுக்க மாட்டான். அந்த வண்டியைத் தொட மாட்டேன் என்று அண்ணியிடம் சபதமே போட்டிருந்தானாம்.

கடைசியில் கிளாம்புக்கே பொறுக்கவில்லை. ஒரு நாள் வண்டியைப் பட்டறைக்கு வரச்சொன்னான். உடம்பைச் சேஸியோடு பிடிக்கிற போல்ட்டுகளைத் தளர்த்தினான், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ரப்பருக்கடியில் வாஷர் வாஷராக அடுக்கி உடம்பைத் தூக்கினான். ஒவ்வொரு வாஷருக்கும் கதவைத் தட்டிப் பார்த்தான். பொழுது சாய்வதற்குள் கதவு ஒற்றை விரலுக்குத் திறந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவை நேராக அந்தக் கதவு வழியாகவே ஏற்றினேன். அவருக்கு ஒரே குஷி. இடது கை பக்கத்துக் கதவு, அவருக்கு வேலை செய்கிற கை. கைப்பிடியை இழுப்பார், கதவு திறக்கும், சாத்துவார், மறுபடியும் இழுப்பார். போகிற வழியில் திறந்துவிடப் போகிறார் என்று கத்தினேன். அதற்கு அப்புறம் பூட்டுக் குமிழைக் கீழே தள்ளுவதும் தூக்குவதுமாக விளையாடிக்கொண்டு வந்தார். அண்ணன் அன்று ஊரில் இல்லை.

அடுத்த வாரமே நடந்தது அது. அப்பாவைப் பயிற்சிக்குக் கூட்டிப்போகிற காலை. அவரை உட்காரவைத்து, பெல்ட் மாட்டி, கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அண்ணி காரை எடுத்துக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். காரின் ரப்பர் மிதியடிகள் மட்டும் அண்ணனிடம். மாடியில் அவற்றைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். சோப்புத் தண்ணீர் படியெல்லாம் வழிந்திருந்தது. காயப்போட எடுத்துக்கொண்டு இறங்கியவன், தான் ஊற்றிய தண்ணீரிலேயே வழுக்கிக் கடைசிப் படிவரை உருண்டு வந்தான்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். வலது கணுக்கால் பார்க்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. முகவாய் கிழிந்து ரத்தம், உடம்பெல்லாம் நுரை.

"சின்னவளே... தூக்குடி... கால் போச்சுடி..."

"ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா?"

"வேணாம். அது எப்ப வந்து சேர்ந்து..."

பாதியில் நிறுத்திவிட்டான். நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"கொஞ்சம் இரு அண்ணா" என்றேன். "ஷீட் எடுத்துட்டு வந்துடறேன்."

அன்றைக்கு வண்டியிலிருந்து எடுத்துவந்த நீல ஷீட் என் பட்டறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்கியது, கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருப்பேன். எடுக்கவில்லை. சுவரோரம் நின்ற ஃப்ரிட்ஜுகளின் கதவை ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து மூடினேன், அவனுக்குக் கேட்கிற மாதிரி. "அந்த நீல ஷீட் எங்க?" என்று என்னையே உரக்கக் கேட்டுக்கொண்டேன். வெளியே அவன் முனகல் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அது காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது.

வெளியே வந்து பின்பக்கத் தகட்டை இறக்கி ஷீட்டை விரித்தேன். அவன் சுவரைப் பிடித்து எழுந்து, ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வண்டி வரைக்கும் வந்திருந்தான். அந்த ஷீட்டை அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஷீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"பின்னாலயா? அங்க குலுக்கற குலுக்கல்ல கால் தாங்காதுடி. நான் முன்னால உக்காந்துக்கறேன். அப்பாவைக் கொஞ்சம் எறக்கேன், பின்னால வேணா சாய்ச்சு உக்கார வை."

"அந்தக் கதவுதான் திறக்காதே, உனக்குத் தெரியாதா? இந்தப் பக்கமா இழுத்துத்தான் எறக்கணும். அதுக்குள்ள உன் கால் வீங்கி வெடிச்சிடும்."

பொய். கண் இமைக்காமல் சொன்ன பொய். அது பொய் என்று தெரிந்த இன்னொருவர் முன் சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சொன்ன பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

அண்ணன் என்னை நம்பவில்லையோ, அப்பாவிடம் கெஞ்சினால் நடக்கும் என்று நினைத்தானோ, வண்டியைப் பிடித்துப் பிடித்து இடது கதவுக்கு வந்துவிட்டான். ஜன்னல் பாதி இறங்கியிருந்தது. அதில் முகவாயை வைத்துக்கொண்டு அழுதான். ரத்தம் கண்ணாடியில் வழிந்தது.

"அப்பா... உயிர் போகுதுப்பா. கொஞ்சம் எறங்கிக்கறீங்களா? அன்னிக்கு நான் ஷீட் தேடப் போனது தப்புதான்பா. ஆம்புலன்ஸ் மேல பழி போட்டதும் தப்புதான். வேணும்னு பண்ணலப்பா, சீட்டைப் பார்த்ததும் புத்தி கெட்டுப் போச்சு. எறங்கிக்கோங்கப்பா..."

சொல்லிவிட்டான். நான் எத்தனையோ நாளாகக் காத்திருந்தது அவன் வாயிலிருந்து வந்தேவிட்டது. எனக்குச் சந்தோஷம் வர வேண்டும், வந்தது பயம். ஏனென்றால் அப்பாவின் இடது கை மடியிலிருந்து எழுந்தது. மெதுவாகப் போய்க் கதவின் கைப்பிடியில் உட்கார்ந்தது. ஒரு விரல் இழுத்தால் போதும். கதவு திறந்துவிடும், என் பொய் சந்தி சிரிக்கும், அப்பா தன் மூத்த பிள்ளைக்காக நடுங்கிக்கொண்டு கீழே இறங்குவார், நான் ஒருத்தி மட்டும் இந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு மீதி வாழ்நாளெல்லாம் நிற்பேன்.

"சரி" என்றார் அப்பா.

கை கைப்பிடியை விட்டது. கதவின் மேல் விளிம்புக்கு ஏறியது. பூட்டுக் குமிழைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

டக்.

திறக்காத கதவை யாரும் பூட்ட மாட்டார்கள். அது அண்ணனுக்கும் புரிந்துவிட்டது. அவன் அழுகை சட்டென்று நின்றது. அப்பா அவனைப் பார்க்கவே இல்லை, நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை ஏற்றவும் இல்லை. அண்ணன் வண்டியைப் பிடித்துக்கொண்டே பின்பக்கமாக வந்து, நான் கைகொடுப்பதற்குள் தானே ஏறி, தன் ஷீட்டின் மேல் படுத்துக்கொண்டான்.

வண்டியை எடுத்தேன். இத்தனை நாளும் பழிவாங்கத் துடிக்கிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் சாயங்காலம் அந்தத் தலையைத் தடவிக் கொடுத்த கைக்குள் இது இருந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கவே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

தெருமுனையில் வேகத்தடை. ஃப்ரிட்ஜ் ஏற்றிப் பழகிய கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. கண்ணாடியில் பார்த்தேன். நீல ஷீட்டில் அண்ணன் இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி வானத்தைப் பார்த்துக் கிடந்தான். அவனைப் பார்க்க முதல் தடவையாக எனக்குப் பாவமாக இருந்தது. வண்டி ஊர்ந்தது.

அப்பா என் பக்கம் திரும்பினார். பிரேக்கில் இருந்த என் காலைப் பார்த்தார். பிறகு இடது உள்ளங்கையால் கதவுத் தகட்டில் டப் டப் என்று இரண்டு தட்டுத் தட்டினார்.

நான் காலை எடுத்தேன்.